கூண்டு டிரைலரின் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் செட்டிநாட்டு அலங்காரம்: யோசனை சொல்லுங்கள்

கானாடுகாத்தான்_கூண்டு

எல்லோருக்கும் வணக்கம். நானும் தம்பியும் பின்கட்டில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்த கேம்பிங் டிரைலர் ஒருவழியாகச் சொந்தக் காலில் நிற்கிறது. இரண்டு பேர் படுக்கலாம். தொண்டி, தேவிபட்டினம் கடற்கரைப் பக்கம் கொண்டுபோய் நிறுத்துவதாக யோசனை. பின் கதவைத் தூக்கினால் அடுப்புக்கும் தண்ணீர் கேனுக்கும் மேடை. உடம்பு மரைன் பிளைவுட், மேலே அலுமினியத் தகடு, முதுகு கூண்டு வண்டி வளைவு. முகப்பில் பழைய வீட்டுத் தேக்குச் சட்டம் ஒன்றை இழைத்துப் போட்டிருக்கிறோம். பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். கண் சக்கரத்துக்குப் போனதும் பேச்சு நின்றுவிடுகிறது.

அங்கேதான் சிக்கல். பழைய மாருதி ஆம்னியின் 12 அங்குலச் சக்கரம், நாலு நட்டு. மட்கார்டு 18 கேஜ் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகரம், அரை வட்டமாக வளைத்து வாங்கியது. இப்போதைக்கு அந்தப் பக்கம் மட்டும் தண்ணீர் லாரி மாதிரி இருக்கிறது.

ஆத்தங்குடிப் பூக்கல் (தரையில் பதிக்கும் பூப்போட்ட சிமென்ட் கல்) டிசைனைச் சக்கரத்திலும் மட்கார்டிலும் கொண்டுவர வேண்டும் என்பது வீட்டில் சொல்வது. தம்பிக்கு ராணுவப் பச்சைதான் வேண்டும், பூவும் கீவும் வேண்டாமாம். நான் நடுவில். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டறை_பாண்டி

தம்பி, பெயிண்ட் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி? வெறும் வண்டியில் அளந்ததைச் சொல்லாதே. மெத்தை, தண்ணீர், கேஸ், சாமான் எல்லாம் ஏற்றிவிட்டு அளந்து சொல். மட்கார்டு பாடியோடு இருக்கிறது, டயர் ஆக்சிலோடு இருக்கிறது. பாரம் ஏறினால் பாடி இறங்கும், பள்ளத்தில் விழுந்தால் இன்னும் இறங்கும். ஏற்றிய பிறகும் மேலே 5 செ.மீ.க்குக் குறையக் கூடாது, 7 இருந்தால் நிம்மதி. இல்லாவிட்டால் நீ எழுதப்போகிற பூவுக்கு அடியில் டயர் உரசி, தகரம் சூடாகிப் பெயிண்ட் கொப்பளிக்கும்.

இன்னொன்று. விளிம்பை வெட்டியபடியே விட்டிருக்கிறாயா, கம்பி வைத்துச் சுருட்டியிருக்கிறாயா? 18 கேஜ் என்றால் 1.2 மி.மீ.தான். சுருட்டாத விளிம்பு ஓட்டத்தில் நடுங்கும், கையையும் கிழிக்கும். 6 மி.மீ. கம்பி வைத்துச் சுருட்டினால் அந்த உருட்டே ஒரு அலங்காரம். அதை மட்டும் தனி நிறத்தில் எடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

ஈப்போ_மாமா

படத்தைப் பார்த்தேன், கண்ணுக்குக் குளிர்ச்சி. இந்த வடிவத்துக்குப் பெரிய பரம்பரை உண்டு. அமெரிக்காவில் 1930களில் ‘டியர்டிராப்’ என்று கிளம்பியது, கண்ணீர்த்துளி வடிவம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மிஞ்சிய விமான அலுமினியத்தையும் ஜீப் சக்கரத்தையும் வாங்கி வீட்டுக் கொல்லையிலேயே கட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் இன்றுவரை அடிபடுகிற அலங்காரம் இரண்டு. ஒன்று, சக்கரத்தின் நடுவில் மொழுமொழுவென்று ‘பேபி மூன்’ குரோம் கிண்ணம், அதைச் சுற்றி ரிம் ஓரத்தில் குரோம் வளையம். இன்னொன்று சக்கரம் முழுவதையும் மூடும் ‘மூன் டிஸ்க்’. உப்புத் தரையில் வேகப் பந்தயம் ஓட்டியவர்கள் காற்றுத் தடை குறைய மாட்டியது, பிறகு அழகுக்காக எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள்.

என் கட்சி இதுதான்: ஒரே நிறச் சக்கரம், குரோம் கிண்ணம், பளபள மட்கார்டு. பூ வேண்டாம். செட்டிநாடு என்றாலே எல்லாவற்றிலும் பூக்கல்லை ஒட்டுவது இப்போது ஹோட்டல்காரர்கள் பழக்கமாகிவிட்டது.

கடைத்தெரு_கண்ணன்

குரோம் கிண்ணம் என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வாருங்கள். எனாமல் தட்டு, பீங்கான் ஜாடி, பர்மா பெட்டி நடுவில் அம்பாசடர் ஹப் கேப்பும் அவ்வப்போது வரும். 2014இல் அம்பாசடர் தயாரிப்பு நின்றதிலிருந்து அதுவும் பழம்பொருள் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஆனால் அது 15 அங்குலச் சக்கரத்துக்கு, ரிம்மில் உள்ள முட்டுக்களில் கவ்வி நிற்பது. உங்கள் 12 அங்குலத்தில் நிற்காது.

இன்னொரு யோசனை. பழைய கதவில் இருந்து கழற்றிய பித்தளைக் குமிழும் பூவாணியும் நிறைய இருக்கின்றன. மட்கார்டு ஓரத்தில் வரிசையாக அடித்தால் வீட்டு நிலைக்கதவே வண்டியில் வந்த மாதிரி இருக்கும்.

துருவேட்டை

கண்ணன் தம்பி, ஜி.ஐ. தகரத்தில் பித்தளை அடிக்காதீர்கள். பித்தளையும் துத்தநாகமும் தொட்டுக்கொண்டு நடுவில் ஈரம் வந்தால் துத்தநாகம்தான் கரையும். குமிழைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும், அப்புறம் இரும்பு தெரியும், அப்புறம் துரு வழியும். இவர்கள் தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கடற்கரையில் நிறுத்தப் போகிறவர்கள். உப்புக் காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அரிப்பை ஆராயவே சிக்ரி (காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) மண்டபத்தில் கடலோரமாக ஒரு சோதனை நிலையம் வைத்திருக்கிறது. காரைக்குடிக்காரர்கள் நாம் இதையெல்லாம் மறக்கலாமா? 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, அழகப்பர் நிலமும் பணமும் கொடுத்த இடமாயிற்றே.

குமிழ் கட்டாயம் வேண்டுமென்றால் தேக்குச் சட்டத்தில் அடியுங்கள், தகரத்தில் வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். புது ஜி.ஐ. தகரத்தின் மேல் நேராகச் சாதாரண எனாமல் அடித்தால் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஒரு மழைக்காலம் போனால் அப்பளமாக உரியும். எனாமலில் உள்ள எண்ணெய்ப் பிசினை, ஈரம் பட்ட துத்தநாகத்தின் மேல் உண்டாகிற காரம் உடைத்துச் சோப்பாக்கிவிடுகிறது. பெயிண்டுக்கும் தகரத்துக்கும் நடுவே துத்தநாகச் சோப்பு ஒரு படலமாக உட்கார்ந்தால் எந்தக் கம்பெனி பெயிண்டும் பிடிக்காது. பட்டறைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போவார்கள், பாவம், அவர் பேரில் குற்றமில்லை.

தின்னரால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். துத்தநாகம் வெட்டுப்படாமல் 320 எமரியில் லேசாகச் சொரசொரப்பாக்குங்கள். அப்புறம் எட்ச் பிரைமர், இல்லாவிட்டால் இரண்டு டப்பா கலக்கும் எப்பாக்ஸி பிரைமர், இரண்டில் ஒன்று. எட்ச் பிரைமரில் அமிலம் இருப்பதால் அதன் மேல் எப்பாக்ஸி எல்லாக் கம்பெனியிலும் ஒத்துப்போகாது. டப்பாவில் போட்டிருப்பதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். மேலே இரண்டு டப்பா கலக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட்.

வெறும் ரெட் ஆக்சைடு அடித்து மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். அது தண்ணீரைத் தடுக்காது.

லாரி_தூரிகை

நான் லாரி பாடி எழுதுகிறவன். அலங்காரம் என்றால் எனக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாது, ஆனால் சக்கரத்தில் பூக்கல் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. காரணம் கணக்குதான். 12 அங்குல ஆம்னி டயரின் குறுக்களவு ஏறக்குறைய 54 செ.மீ. ஒரு சுற்றுக்கு 1.7 மீட்டர் ஓடும். 60 கி.மீ. வேகத்தில் விநாடிக்குப் பத்துச் சுற்று. அந்த வேகத்தில் இதழ், நட்சத்திரம், கோலம் எல்லாம் கலங்கி ஒரே குழம்பாகத் தெரியும். எழுதியவன் உழைப்பு ரோட்டில் போச்சு.

சுற்றும்போதும் கலையாமல் நிற்பது வளையம் ஒன்றுதான். அதனால்தான் லாரி டிரம்மிலும் பழைய வண்டிச் சக்கரத்துக் குடத்திலும் வளையமாக இழுக்கிறோம். சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு. ஓடினாலும் வளையம், நின்றாலும் வளையம். ஆரக்காலில் போடுகிற கோடு ஓடுகிற வண்டியில் தெரியாது என்பது தச்சர்களுக்கும் தெரியும்.

சக்கரத்துக்கு வளையம், மட்கார்டுக்குப் பூ. மட்கார்டு சுற்றாது.

கோட்டையூர்_ஆச்சி

தம்பி தூரிகை சொல்வது சரிதான், ஆனால் பாதிதான் சரி. இது சரக்கு லாரி இல்லையப்பா. ஏதோ ஒரு ஊருணிக் கரையில் போய் இரண்டு நாள் அசையாமல் நிற்கிற வண்டி. ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் அதிகம். நிற்கும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் கண் எதிரில் இருப்பது சக்கரம்தான்.

நான் சொல்ல வந்தது வேறு. எல்லோரும் கல்லைப் பார்க்கிறீர்கள், யாரும் நட்டை எண்ணவில்லை. பூக்கல்லில் பலவும் நாலு கல் கணக்கு. ஒரு கல்லில் இருப்பது பூவில் கால் பங்கு. நாலு கல்லை மூலைக்கு மூலை சேர்த்தால்தான் முழுப் பூ விரியும். கானாடுகாத்தான் தம்பியின் சக்கரத்தில் நாலு நட்டு. நட்டுக்கு ஒரு இதழ், இரண்டு நட்டுக்கு இடையில் ஒரு இதழ், ஆக எட்டிதழ் தானாக உட்காரும். ஹிருதய கமலக் கோலம் தெரிந்தவர்களுக்குக் கையோடு வரும், அதுவும் எட்டுத் திசை, திசைக்கு 5 புள்ளி.

இதையே ஜீப் சக்கரத்தில் செய்தால் ஒட்டாது. அதில் 5 நட்டு. எட்டிதழை வைத்தால் ஒரு நட்டு இதழின் நடுவிலும் அடுத்தது இடுக்கிலுமாக விழும். பார்ப்பவருக்கு ஏன் என்று தெரியாது, ஆனால் கோணலாக இருக்கிறதே என்று தோன்றும். ஐந்து நட்டுச் சக்கரம் வைத்திருப்பவர்கள் ஐந்து கை நட்சத்திரக் கோலம், கைக்கு நாலு புள்ளி வைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு நட்டு என்றால் இடைப்புள்ளிக் கோலம் அப்படியே பொருந்தும்.

லாரி_தூரிகை

ஆச்சி, நட்டை எண்ணிக் கோலம் போடுவது நான் கேள்விப்படாத விஷயம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சக்கரத்துத் தகடு தட்டையாக இல்லையே. நடுவில் குழி, ஓட்டை, மேடு. ஸ்டென்சில் படியாது. கையால்தான் எழுத வேண்டும். எழுதினாலும் செம்மண் ரோட்டில் அரைநாள் ஓடினால் குழியெல்லாம் சேறு.

கோட்டையூர்_ஆச்சி

அப்படியானால் நடுவில் எழுதுங்கள். டிரைலர் சக்கரத்தின் நடுவில் பேரிங்கை மூடி ஒரு கிரீஸ் கப் துருத்திக்கொண்டு நிற்குமே, உள்ளங்கை அளவுக்கு. அது மொழுமொழுவென்று இருக்கும், சேறும் தங்காது. அதில் எட்டிதழ்த் தாமரை ஒன்று. ரிம் முழுக்க உங்கள் வளையம். இரண்டு பேர் வாயும் அடைபடும்.

லாரி_தூரிகை

அடைபட்டது ஆச்சி.

செம்மண்_மைனர்

ஒரு சந்தேகம். எதற்கு எழுதுவானேன், ஆத்தங்குடியில் வாங்கிய நிஜக் கல்லையே சின்னச் சின்னதாக வெட்டி மட்கார்டில் ஒட்டிவிட்டால் என்ன? இப்போதுதான் எத்தனையோ பசை வந்துவிட்டதே.

பட்டறை_பாண்டி

8 அங்குலக் கல், முக்கால் அங்குலக் கனம். ஒரு கல்லே ஒன்றரை கிலோவைத் தாண்டும். அது சிமென்ட் சமாசாரம், சூளையில் சுட்டது கிடையாது. கண்ணாடித் தட்டின் மேல் அச்சு வைத்து, ஆக்சைடு கலந்த சிமென்ட்டை அறை அறையாக ஊற்றி, மேலே உலர்ந்த கலவை, அதற்கு மேல் ஈரச் சாந்து போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. பளபளப்பு கண்ணாடியில் இருந்து வருவது. தரையில் கிடந்தால் தலைமுறைக்கு நிற்கும். நடுங்குகிற தகரத்தில் ஒட்டினால் முதல் வேகத்தடையில் விரிசல், மூன்றாவதில் பின்னால் பைக்கில் வருகிறவன் மண்டையில். சும்மா இரப்பா.

துருவேட்டை

கல்லை ஒட்ட வேண்டாம், ஆனால் கல்லின் நிறத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் காரணம் உண்டு. பூக்கல்லின் செங்காவி இரும்பு ஆக்சைடு, மஞ்சளும் இரும்பு ஆக்சைடுதான். கறுப்பும் அதிலேயே கிடைக்கும். பச்சைக்குக் குரோமியம் ஆக்சைடு. இவையெல்லாம் வெயிலில் வெளுக்காத சரக்கு. கடையில் கண்ணைப் பறிக்கிற ரோஸ், கத்தரிப்பூ, சில பளீர் சிவப்பு எல்லாம் கரிமச் சாயம் கலந்தவை. அவற்றில் பல நம் வெயிலில் சீக்கிரம் மங்கும். சந்தன நிறம், காவி, அடர் பச்சை, கறுப்பு என்று நாலோடு நிறுத்தினால் கண்ணுக்கும் செட்டிநாடு, வெயிலுக்கும் தாங்கும்.

இங்கே புழுதியே காவிதான். காவி மட்கார்டில் அழுக்கு தெரியாது என்பது என் சொந்தக் கணக்கு.

திருமயம்_ரைடர்

அந்த ராணுவப் பச்சைத் தம்பிக்கு ஒரு தகவல். ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 121ஆவது விதி, அந்த நிறத்தைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறது. டிரைலர்தானே, இன்ஜினா இருக்கிறது என்று கேட்டால், 1988 சட்டத்தின் இலக்கணப்படி டிரைலரும் மோட்டார் வாகனம்தான். பதிவும் வேண்டும், பின்னால் நம்பர் பிளேட்டும் வேண்டும். துருவேட்டை ஐயா சொன்ன பூக்கல் பச்சை வேறு, அது இலைப் பச்சை. அதற்குத் தடையில்லை.

இன்னொன்று, எல்லோரும் மறப்பது. மட்கார்டுதான் வண்டியின் அகலத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகம். இரவில் எதிரே வருகிறவனுக்கு அது தெரிய வேண்டும். பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள் என்று ஒளி திருப்பும் டேப் ஒட்டுங்கள். அழகுக்காக அதன் மேல் பூ எழுதுவதும் வார்னிஷ் அடிப்பதும் கூடாது. டேப்புக்கு இடம் விட்டுவிட்டு மிச்ச இடத்தில் டிசைன் போடுங்கள். குரோம் வளையம் பகலில் பளபளக்கும், ராத்திரி லைட்டுக்கு அது டேப்பின் வேலையைச் செய்யாது.

கானாடுகாத்தான்_கூண்டு

அப்பாடா, ஆளாளுக்கு ஒரு பாடம் நடத்திவிட்டீர்கள். தம்பி 121ஐக் கேட்டதும் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் சிரிப்பு.

பாண்டி அண்ணே, பாரம் ஏற்றி அளந்தேன். டயருக்கு மேல் 7 செ.மீ. இருக்கிறது. விளிம்பு சுருட்டவில்லை, நாளைக்கே பட்டறைக்கு எடுத்துப் போகிறேன். மட்கார்டு வளைவின் ஆரம் 34 செ.மீ., அகலம் 21.

முடிவு இப்படி: ரிம்மில் வளையம், கிரீஸ் கப்பில் தாமரை, மட்கார்டின் மேல்பக்கம் பூக்கல் வரிசை. ஆச்சி, வரிசைக்கு எத்தனை பூ வைப்பது? ஒரு தாளில் வரைந்து வளைத்துப் பார்த்தேன். உச்சியில் இரண்டு பூவின் இடுக்கு வந்து விழுகிறது.

கோட்டையூர்_ஆச்சி

எட்டு வைத்திருப்பாய். ஒற்றைப்படையாக வை. அப்போதுதான் உச்சியில் ஒரு முழுப் பூ நிற்கும், இரண்டு பக்கமும் சமமாக இறங்கும். 34 ஆரத்துக்கு அரைவட்ட நீளம் 107 செ.மீ. ஏழு பூ, பூவுக்கு 15, ஆக 105. மிச்சம் 2, நுனிக்கு ஒன்றாக விட்டுவிடு. அந்த நுனியில்தான் திருமயம் தம்பி சொன்ன டேப் வரும்.

அகலம் 21 என்றால் 15 செ.மீ. பூவுக்கு இரண்டு பக்கமும் 3, 3 மிஞ்சுகிறது. அதை வெறுமனே விடாதே. கண்டாங்கிச் சேலைக் கரை மாதிரி ஒரு பட்டை, ஒரு கோடு, ஒரு பட்டை. கரை இல்லாத பூ, முந்தானை இல்லாத புடவை. 2019இல் புவிசார் குறியீடு வாங்கின சேலை, நம் ஊர்ச் சரக்குதானே, வெட்கப்படாமல் எடுத்துக்கொள்.

பூவை நேரே தகரத்தில் வரையாதே. பழைய எக்ஸ்ரே ஃபிலிம் கிடைத்தால் அதில் கால் பூவை மட்டும் வெட்டு. நாலு தடவை திருப்பி வைத்தால் முழுப் பூ. கல் அறுக்கிறவர்கள் அச்சு வைக்கிற அதே கணக்கு.

லாரி_தூரிகை

ஸ்டென்சில் வேலைக்கு இரண்டு வார்த்தை. பிரஷ் வேண்டாம், ஓரத்தில் கசியும். ஸ்பாஞ்சைத் துண்டாக வெட்டி, பெயிண்டில் தொட்டு, ஒரு அட்டையில் ஒற்றிக் காய்ந்த மாதிரி ஆக்கிவிட்டு, அப்புறம் ஸ்டென்சிலில் செங்குத்தாக ஒற்றணும். ஒரு நிறம் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயாமல் அடுத்த நிறம் எடுக்காதே. எல்லாம் முடிந்த பிறகு மேலே பி.யூ. கிளியர் இரண்டு கோட், கரை உட்பட. டேப் ஒட்டுகிற நுனியை மாஸ்கிங் பண்ணிவிடு.

ரேடியம் கடையில் பூவைக் கட்டிங் போட்டு ஒட்டித் தருவார்கள், சீக்கிரம் முடியும். மட்கார்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஓரம் தூக்கும், தூக்கின இடத்தில் செம்மண் நுழையும், அப்புறம் பூவெல்லாம் மீசை வைத்திருக்கும். பாடியின் பக்கவாட்டுக்கு ரேடியம் ஓ.கே.

மழை பிடித்த ஐப்பசியில் டியூகோ (தின்னர் ஆவியாகிச் சீக்கிரம் காயும் லாக்கர் பெயிண்ட்) அடிக்காதே. காற்றில் ஈரம் இருந்தால் வெண்மை பூத்து மங்கிவிடும். வெயில் ஏறிக் காய்ந்த முற்பகலில் அடி.

ஈப்போ_மாமா

நான் தோற்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு விண்ணப்பம். வெள்ளை வளைய டயர் பற்றி யாரும் பேசவில்லையே? அந்தக் காலத்து வண்டிக்கு அதுதான் மகுடம்.

பட்டறை_பாண்டி

மாமா, டயரில் எனாமல் அடிக்கிறதை இங்கே தடை பண்ண வேண்டும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதோடு டயர் அலங்காரம் முடிந்தது. எனாமலில் உள்ள தின்னரும் எண்ணெயும் ரப்பருக்கு ஆகாது. பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் வளைந்து நிமிரும், எனாமல் வளையாது, நாலு நாளில் பொடிப் பொடியாக வெடிக்கும். டயருக்கென்றே ரப்பர் பெயிண்ட் விற்கிறது. ஆசை இருந்தால் அதை வாங்குங்கள். வெள்ளை வைத்தால் செம்மண்ணில் ஒவ்வொரு ஊரிலும் இறங்கித் துடைக்க வேண்டும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கானாடுகாத்தான் தம்பிக்கு. சக்கரத்துக்கு வளையம் எழுதும்போது இரண்டு இடத்தில் பெயிண்ட் படவே கூடாது. ஒன்று, நட்டு உட்காருகிற கூம்புக் குழி. இன்னொன்று, சக்கரம் டிரம்மோடு ஒட்டுகிற பின்பக்கத் தட்டை. அங்கே பெயிண்ட் தடிமனாக இருந்தால் நட்டை முடுக்கும்போது கெட்டியாகத்தான் இருக்கும். ஓடின பிறகு பெயிண்ட் நசுங்கும், நட்டு தளரும். பழைய நட்டை அந்தக் குழியில் வைத்து மூடிவிட்டு ஸ்ப்ரே பண்ணு. மாட்டின பிறகு 50, 100 கி.மீ. ஓடி இறங்கி ஸ்பேனர் போட்டுப் பார்.

நட்டுக்கும் ரிம்முக்கும் நடுவில் எந்தத் தகடும் வைத்து முடுக்காதே. சிலபேர் எவர்சில்வர் கிண்ணத்தை ஹப் கேப்பாக மாட்ட இப்படித்தான் தகடு வைப்பார்கள். போன வருஷம் தேவகோட்டைப் பக்கம் ஒரு டிரைலர், பெயர் வேண்டாம், கிண்ணம் கழன்று ரோட்டில் உருண்டு போய் ஒரு டீக்கடை வாசலில் நின்றது. அவர்கள் அதில் சட்னி வைத்துவிட்டார்கள்.

மட்கார்டு உள்பக்கத்தை மறக்காதே. கல் உள்ளேயிருந்துதான் அடிக்கும். அடி ஒவ்வொன்றுக்கும் வெளியே பெயிண்ட் நட்சத்திரமாக வெடிக்கும், உன் பூவின் மேலேயே. உள்ளே ரப்பர் கோட்டிங் தடிமனாக. கீழ் நுனியில் 8 மி.மீ. ஓட்டை ஒன்று, தண்ணீர் வடிய.

துருவேட்டை

ஓட்டை போட்ட பிறகு அதன் உள்சுவரில் பிரைமர் தொட்டு வையுங்கள். வெட்டின இடத்தில் துத்தநாகம் இருக்காது. சுருட்டின விளிம்பிலும் அதேதான். உள்ளே கம்பியும் தகரமும் சேருகிற இடுக்கில் தண்ணீர் ஏறி நிற்கும். சுருட்டுவதற்கு முன்னால் கம்பிக்கும் பிரைமர் அடித்துவிட்டால் நல்லது. கடற்கரையில் இருந்து வந்த அன்றைக்கே நல்ல தண்ணீரை மட்கார்டு உள்பக்கம் பீய்ச்சுங்கள். மேல்பக்கத்தைவிட அங்கேதான் உப்பு இருக்கும்.

கானாடுகாத்தான்_கூண்டு

வேலை முடிந்தது, படம் கீழே.

ரிம் காவி. வெளி ஓரத்தில் சந்தன நிற வளையம், அதற்கு உள்ளே மெலிசாகக் கறுப்பு. நட்டு எல்லாம் இரும்பு நிறத்திலேயே விட்டோம். கிரீஸ் கப் கறுப்பு, அதில் சந்தன நிறத்தில் எட்டிதழ், நட்டுக்கு நேராக ஒரு இதழ். கப்பைச் சுத்தியலால் தட்டி ஏற்றும்போது இதழ் நட்டுக்கு நேராக வரும்படி அடையாளம் வைத்துத் தட்டினார் பட்டறையில். அவருக்கே சிரிப்பு. மட்கார்டு பச்சை, ஏழு பூ, இரண்டு பக்கமும் கண்டாங்கிக் கரை. சுருட்டின விளிம்பு காவி. நுனியில் டேப்.

பிள்ளையார்பட்டி போய்ச் சூறைத் தேங்காய் போட்டுவிட்டு வந்தோம். பின்னால் பைக்கில் வந்த தம்பி வீடியோ எடுத்தான். ஓட்டத்தில் சந்தன வளையம் ஆடாமல் அசையாமல் தெரிகிறது, தூரிகை அண்ணே. நிறுத்தினதும் வந்து பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் குனிந்தது கிரீஸ் கப்புக்கு, ஆச்சி. வந்ததும் ஸ்பேனர் போட்டேன், இரண்டு நட்டு கொஞ்சம் ஏறியது.

ஈப்போ_மாமா

பச்சை மட்கார்டும் காவி விளிம்பும் நான் எதிர்பார்த்ததைவிட அடக்கம். குரோம் கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வெள்ளை டயரை வாபஸ் வாங்கவில்லை.

செம்மண்_மைனர்

நானும் ஒன்று கட்ட ஆரம்பித்திருக்கிறேன். 13 அங்குலச் சக்கரம், 155/80 டயர், அதே 7 செ.மீ. இடைவெளி. ஸ்டென்சில் அளவு எவ்வளவு வைப்பது?

கோட்டையூர்_ஆச்சி

அந்த டயர் குறுக்களவு 58 செ.மீ. பக்கம் வரும். பாதி 29, அதோடு 7, ஆரம் 36. அரைவட்டம் 113. ஏழு பூவே வை, பூவுக்கு 16, நுனிக்கு அரை அரை செ.மீ.தான் மிஞ்சும், டேப்புக்குப் போதாது. அதனால் பூவை 15ஆகவே வைத்து நுனிக்கு நாலு நாலு விடு. கானாடுகாத்தான் தம்பியிடம் எக்ஸ்ரே ஃபிலிம் ஸ்டென்சில் சும்மாதான் கிடக்கும், அதையே கேட்டு வாங்கிக்கொள். நட்டு எத்தனை என்று எண்ணிவிட்டு மறுபடி இங்கே வா.